சுண்ணாம்பு கேட்ட மோகினியும் யாரும் கேட்காத கேள்வியும்

கடமலைக்குண்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என்ன இருக்கிறது? தேனிப் பக்கமிருந்து வரும் பஸ்ஸின் ஹாரன் சத்தம். மூடப்போகிற டீக்கடையில் கடைசி ரவுண்டு டீ. பத்து மணிக்கு ஷட்டர் இறங்கும் டாஸ்மாக். நல்ல மழை பெய்த வருஷமென்றால் மூல வைகையில் தண்ணீர் ஓடும் சத்தம். அவ்வளவுதான். பப் கிடையாது, டிஸ்கோ கிடையாது. திருவிழா வந்தால் விடிய விடிய வள்ளி திருமண நாடகம். வருசநாட்டு மலையடிவாரத்து 'நைட் லைஃப்' இதோடு முடிந்தது.

ஆனால் ராத்திரியில் ஆண்களைக் கொல்லும் பெண் மட்டும் இந்தப் பக்கத்துக்குப் புதியவள் இல்லை. புளிய மரத்தடியில் நிற்பாள். வெள்ளைச் சேலை, தலை நிறைய மல்லிகைப்பூ. தனியாக வருகிற ஆம்பளையிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கையால் கொடுத்தால் கதை முடிந்தது. இரும்பில் வைத்து நீட்டினால் தப்பிக்கலாம். பாட்டிகள் சொல்லிக் கொடுத்த பாதுகாப்பு ஃபார்முலா இது!

இப்போது மோகினி இடம் மாறிவிட்டாள். புளிய மரத்துக்குப் பதில் பார் கவுண்டர், சுண்ணாம்புக்குப் பதில் கண்ணாடி கிளாஸ். வெள்ளைச் சேலை போய் சிவப்பு உடை வந்துவிட்டது. படங்களிலும் வெப் சீரிஸ்களிலும் ஓர் அழகி பாரில் உட்கார்ந்திருப்பாள், சிரிப்பாள், அவளோடு போனவன் காலையில் பிணமாகக் கிடப்பான். ஆடையும் சாமானும் மாறியிருக்கிறதே தவிர, பாட்டி சொன்ன கதைதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அப்படி ஒரு பெண் நிஜத்தில் இருந்திருக்கிறாளா? இருந்தால் எப்படிக் கொன்றாள்? அதைவிட முக்கியமாக, எப்படி மாட்டினாள்?

பாரில் பிடிபட்டவர்

இந்தக் கதைக்கு உலகம் முழுக்க எல்லோரும் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் அய்லீன் வோர்னோஸ். 1989 கடைசியிலிருந்து 1990 நவம்பர் வரை, சுமார் ஒரு வருஷத்துக்குள், ஃப்ளோரிடா மாநிலத்தில் ஏழு ஆண்களைச் சுட்டுக் கொன்றவர். பாலியல் தொழில் செய்து பிழைத்தவர். 1991 ஜனவரி 9 அன்று 'தி லாஸ்ட் ரிசார்ட்' என்கிற பாரில் வைத்துக் கைது செய்தார்கள். 2002 அக்டோபர் 9 அன்று விஷ ஊசி போட்டு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அடுத்த வருஷமே 'மான்ஸ்டர்' என்ற படம் வந்தது. அவராக நடித்த சார்லீஸ் தெரோனுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

பார், ராத்திரி, ஆண்கள், கொலை... எல்லாம் பொருந்துகிற மாதிரி இருக்கிறது, இல்லையா? கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் பொருந்தாது. பாரில் அவர் பிடிபட்டார், அவ்வளவுதான். கொலைகள் நடந்தது நெடுஞ்சாலைப் பக்கம். லிஃப்ட் கேட்டுக் காரில் ஏறியவர் அவர். ஆயுதம் கைத்துப்பாக்கி. மயக்கும் அழகியும் இல்லை, சிவப்பு உடையும் இல்லை. சின்ன வயதிலேயே வீட்டை இழந்து தெருவில் வளர்ந்த ஒரு பெண்.

முதலில் செத்தவர் தன்னைப் பலாத்காரம் செய்ய வந்ததாக அவர் நீதிமன்றத்தில் சொன்னார். அந்த ஆள் முன்பே மேரிலாண்ட் மாநிலத்தில் பாலியல் வன்முறைக் குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்தவர் என்பது 1992 ஜனவரியில் மரண தண்டனை விதித்த பிறகுதான் வெளியே வந்தது. அதற்காக மீதி ஆறு பேரும் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. பிற்காலத்தில் அவரே தற்காப்பு என்று சொன்னதை வாபஸ் வாங்கினார். செத்தவர்களுக்கும் குடும்பம் இருந்தது. அனுதாபம் வேறு, கணக்கு வேறு.

அவர் எப்படி மாட்டினார் என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். செத்தவர்களின் பொருட்களை அடகுக்கடையில் வைத்தார். அடகு வைக்கிறவர் ரசீதில் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும் என்பது ஃப்ளோரிடா சட்டம். அந்த ரேகையும், விட்டுவிட்டு ஓடிய ஒரு காரில் பதிந்திருந்த கைரேகையும்தான் அவரைக் காட்டிக் கொடுத்தன. பெரிய துப்பறியும் மேதை யாரும் வரவில்லை... ஓர் அடகுக்கடை ரசீது!

கோயிலில் கிடைத்த தோழி

கொஞ்சம் பக்கத்தில் வருவோம். பெங்களூரு. 2017-இல் சசிகலா பரப்பன அக்ரஹாரா சிறைக்குப் போனபோது, பக்கத்து அறையில் 'சயனைடு மல்லிகா' என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதித் தள்ளியது பலருக்கு ஞாபகம் இருக்கலாம். அந்த மல்லிகாவின் நிஜப் பெயர் கெம்பம்மா.

பெங்களூருக்குப் பக்கத்துக் கக்கலிபுராவைச் சேர்ந்தவர். சீட்டு நடத்தினார். சீட்டு நஷ்டமாகிக் கடன் ஏறியது. வீட்டை விட்டு வெளியே வர வேண்டியதானது. வீட்டு வேலை செய்தார், சின்னச் சின்னத் திருட்டுகள் செய்தார். முதல் கொலை 1999-இல். பிறகு 2007 அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் ஐந்து கொலைகள்.

இவர் பாருக்குப் போகவில்லை, கோயிலுக்குப் போனார். ஆண்களைத் தேடவில்லை, கஷ்டத்தோடு சாமி கும்பிட வந்த பெண்களைத் தேடினார். குழந்தை இல்லை, நோய் தீரவில்லை, பிள்ளை ஓடிப்போய்விட்டான் என்று அழுகிற பெண்ணிடம் உட்கார்ந்து ஆறுதல் சொல்வார். ஒரு விசேஷ பூஜை இருக்கிறது, இருக்கிற நகையெல்லாம் போட்டுக்கொண்டு வா என்று தூரத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போவார். தீர்த்தம் என்று சயனைடு கலந்த தண்ணீரைக் கொடுப்பார். 2007 டிசம்பர் 31 அன்று செத்தவரின் நகையோடு போலீசில் பிடிபட்டார். நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பிறகு அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது.

முதல் கொலைக்கும் கைதுக்கும் நடுவில் எட்டு வருஷம். தனியாகக் கோயிலுக்குப் போன ஒரு ஏழைப் பெண் வெளியூரில் செத்துக் கிடந்தால், 'ஏதோ குடும்பக் கஷ்டம், மருந்தைக் குடித்திருக்கும்' என்று முடித்துவிட எத்தனை நேரம் ஆகும்? இப்படிக் கேட்காமல் முடித்துவிடுகிற ஊரில்தான் கெம்பம்மா போன்றவருக்கு வேலை சுலபம்.

மலைக்கு அந்தப் பக்கம்

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று வழியாகக் கேரளாவுக்கு ஏறி இறங்குகிறவர்கள் தேனிக்காரர்கள். அதனால் 2019 அக்டோபரில் கேரளாவையே உலுக்கிய கூடத்தாயி வழக்கு இங்கேயும் டீக்கடை டீக்கடையாகப் பேசப்பட்டது. கோழிக்கோடு மாவட்டம், ஒரே குடும்ப வட்டத்தில் 2002 முதல் 2016 வரை ஆறு சாவுகள். மாமியார், மாமனார், கணவர், கணவரின் தாய்மாமன், ஒரு சின்னக் குழந்தை, அந்தக் குழந்தையின் தாய். மருமகளான ஜோலி ஜோசப் கைது செய்யப்பட்டார். தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் கொலைகாரர் யார் என்பதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு விஷயம் முதுகைச் சில்லிட வைக்கிறது. ஆறு சாவில் ஒன்றுக்குத்தான் அந்தச் சமயத்தில் பிரேதப் பரிசோதனை நடந்தது. 2011-இல் செத்த கணவருக்கு. அதில் சயனைடு இருந்தது தெரிந்தது. தெரிந்தும் என்ன? தற்கொலை என்று ஃபைலை மூடிவிட்டார்கள்.

மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. நெஞ்சுவலி, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, தொண்டையில் அடைத்துக்கொண்டது... ஆளுக்கு ஒரு காரணம். கடைசியில் சொத்து உயிலில் சந்தேகம் வந்து, வெளிநாட்டிலிருந்த கணவரின் தம்பி விடாமல் கேட்டதால்தான் 2019-இல் கல்லறைகளைத் தோண்டினார்கள். அந்தப் பெண் பல வருஷமாக என்.ஐ.டி. விரிவுரையாளர் என்று சொல்லிக்கொண்டு தினமும் வேலைக்குக் கிளம்பிப் போனதாகப் போலீஸ் சொன்னது. ஒருத்தர்கூட ஒரு போன் போட்டு விசாரிக்கவில்லை.

இதெல்லாம் விதிவிலக்கு இல்லை. அமெரிக்க உளவியலாளர் மரிசா ஹாரிசனின் குழு, 1821 முதல் 2008 வரை அந்நாட்டில் தொடர் கொலை செய்த 64 பெண்களைப் பற்றித் திரட்டிய தகவல்களை 2015-இல் வெளியிட்டது. அதிகம் பயன்பட்ட ஆயுதம் விஷம். பெரும்பாலோர் கொன்றது தங்களுக்குத் தெரிந்தவர்களை. பலர் நோயாளியையோ குழந்தையையோ கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர்கள். மோகினியைத் தேடிப் புளிய மரத்தடிக்குப் போக வேண்டியதில்லை. சமையல்கட்டும் மருந்து டப்பாவும்தான் இடம்.

அப்படியானால் ஏன் பார்?

பிறகு ஏன் கதை மட்டும் பாரை விட்டு நகர மாட்டேன் என்கிறது?

தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா 1978-இல் 'சிகப்பு ரோஜாக்கள்' எடுத்தார். பெண்களைத் தேடித் தேடிக் கொல்லும் ஆண். இசை பண்ணைப்புரத்து இளையராஜா. சும்மா சொல்லக்கூடாது, இன்றைக்குப் பார்த்தாலும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கொலைகாரன் ஏன் அப்படி ஆனான் என்று படம் ஒரு காரணம் சொல்கிறது. சின்ன வயதில் பெண்கள் அவனுக்குச் செய்த துரோகம். அதாவது கொன்றது ஆண், காரணம் பெண்!

பெண் கொன்றால் காரணம் எங்கே போகிறது? அவள் உடம்புக்கு. அழகி, மோகினி, மயக்கி. செத்த ஆணுக்குப் பெயர் 'சபலம்'. கொன்றவள் கடனில் இருந்தாளா, சொத்துக்காகச் செய்தாளா, அடிபட்டு வளர்ந்தாளா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. கெம்பம்மாவின் கதையில் இருப்பது நகையும் கடனும். கூடத்தாயி வழக்கில் போலீஸ் சொன்னது சொத்து. இரண்டிலும் பணம்தான் முன்னால் நிற்கிறது, அழகு எங்கேயும் இல்லை.

பழையனூர் நீலி கதையையும் பாருங்கள். திருவாலங்காட்டுப் பக்கத்துக் கதை. பேயாக வந்து கணவனைப் பழிவாங்கினாள், அவள் பேச்சை நம்பி அவனுக்கு ஜாமீன் நின்ற எழுபது வேளாளர்கள் தீயில் இறங்கினார்கள். தமிழில் பொய் அழுகைக்கு இன்றும் 'நீலிக்கண்ணீர்' என்றுதான் பெயர். ஆனால் அதே கதையில், முதலில் அவளைக் கொன்றவன் அந்தக் கணவன். அவன் செய்த கொலைக்குத் தமிழில் தனியாக ஒரு சொல் உண்டா?

ஆண்களுக்கு ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. அதை மறைப்பதும் நேர்மை இல்லை. கொலம்பியா நாட்டின் மெடெயீன் நகரத்தில் 2023 நவம்பர், டிசம்பர் இரண்டே மாதத்தில் எட்டு அமெரிக்கர்கள் சந்தேகத்துக்கிடமான முறையில் செத்தார்கள். அவற்றில் பலவற்றில் மயக்க மருந்து, கொள்ளை என்று சந்தேகம். சிலர் டேட்டிங் ஆப் மூலம் பழகியவர்கள். 2024 ஜனவரியில் அமெரிக்கத் தூதரகமே எச்சரிக்கை வெளியிட்டது. போன் எல்லோர் கையிலும் இருக்கிற காலத்தில் மெடெயீன் என்ன, தேனி என்ன? முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கப் போகிறவன் நாலு பேர் இருக்கிற இடத்தில் பார்க்க வேண்டும், எங்கே போகிறான் என்று ஒரு நண்பனிடமாவது சொல்ல வேண்டும். ஆணுக்கும் இது பொருந்தும்.

ஆனால் பையன்கள் சொல்ல மாட்டார்கள். ஏமாந்தாலும் போலீசுக்குப் போக மாட்டார்கள். 'ஆம்பளை ஒரு பொம்பளைகிட்ட ஏமாந்துட்டான்' என்று ஊரே சிரிக்குமே! அந்த வெட்கம்தான் கொள்ளைக்காரருக்கு மூலதனம். வெட்கப்பட்டு ஒருவன் வாயை மூடினால், அதே ஆளிடம் அடுத்தவன் மாட்டுவான். மோகினிக் கதை இந்த வெட்கத்தைத்தான் வளர்க்கிறது. கதையில் செத்தவன் எப்போதும் முட்டாள் அல்லது பொறுக்கி.

செத்த வீட்டில் போலீஸா?

எல்லாம் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. இவர்களைத் தப்பவிட்டது அழகோ வசியமோ இல்லை. ஒரு சாவு நடந்தபோது 'எப்படி?' என்று கேட்க ஆள் இல்லை.

இதில் ஆண் பெண் வித்தியாசமும் கிடையாது. இங்கிலாந்தில் ஹரால்டு ஷிப்மேன் என்ற ஆண் டாக்டர், ஊரே மரியாதை வைத்திருந்தவர், தன் நோயாளிகளுக்கு ஊசி போட்டுக் கொன்றார். இறப்புச் சான்றிதழையும் அவரே எழுதினார்! 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்குத் தண்டனை கிடைத்தது. விசாரணைக் குழுவின் கணக்கு சுமார் 250. அதற்குப் பிறகு, ஒரு டாக்டர் எழுதிய இறப்புக் காரணத்தை வேறொரு டாக்டர் சரிபார்க்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. 2024 செப்டம்பரில்தான் அது இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்கக் கட்டாயமானது. பில் போட்டவரே ஆடிட்டராகவும் இருக்கக்கூடாது என்ற சாதாரண விதி. அதற்கு இருபது வருஷத்துக்கு மேல்!

இந்தியாவில்? 2020-ஆம் ஆண்டுக்கான அரசு அறிக்கைப்படி, பதிவான சாவுகளில் காரணத்தை டாக்டர் எழுதிச் சான்று கொடுத்தது 22.5 சதவீதம். நூற்றில் எழுபத்தேழுக்கு மேல் டாக்டர் கையெழுத்தில் காரணமே இல்லை. கிராமத்தில் சாவைப் பதிவு செய்வது வி.ஏ.ஓ. அவருக்கு வீட்டுக்காரர்கள் சொல்வதுதான் தகவல். கடமலைக்குண்டிலோ மயிலாடும்பாறையிலோ ஒருவர் நள்ளிரவில் செத்தால், பக்கத்து வீட்டார் வந்து 'நெஞ்சுவலியாம்' என்பார்கள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பெரும்பாலும் அது உண்மையாகவே நெஞ்சுவலிதான். ஆனால் அந்த 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்குள் ஒருத்தர் ஒளிந்துகொள்ளலாம், இல்லையா?

"செத்த வீட்டில் போய் போலீஸா? க.விலக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய் உடம்பைக் கூறு போடணுமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அழுகிற வீட்டில் சந்தேகம் கிளப்புவது கொடுமைதான். எல்லாச் சாவையும் அறுத்துப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நன்றாக இருந்தவர் திடீரென்று செத்தால், அல்லது ஒரே வீட்டில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தால், ஒரு டாக்டர் பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான்.

இதற்கு ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. ஒரு காலத்தில் மருமகள்கள் மட்டும் 'ஸ்டவ் வெடித்து' செத்துக்கொண்டிருந்தார்கள். மாமியாருக்கு வெடிக்காத ஸ்டவ் மருமகளுக்கு மட்டும் எப்படி வெடிக்கிறது என்று பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கிக் கேட்டன. 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. கல்யாணமான ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் செத்தால் பிரேதப் பரிசோதனை, ஆர்.டி.ஓ. விசாரணை என்பது அப்படி வந்ததுதான். அப்போதும் 'குடும்ப மானம் போகிறதே' என்றார்கள். இன்று அது கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை.

இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. கேள்வி கேட்பது கொலைகாரரைப் பிடிக்க மட்டும் இல்லை. திடீரென்று புருஷன் செத்துப்போன பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும்? முகத்துக்கு நேரே ஆறுதல் சொல்லும். முதுகுக்குப் பின்னால் 'அவதான் என்னத்தையோ சோத்துல வச்சுட்டா' என்று கிசுகிசுக்கும். அந்தப் பேச்சுக்குச் சாட்சியும் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. ஆயுசு முழுக்க அவள் அதைச் சுமக்க வேண்டும். 'மாரடைப்பு' என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் அவள் பெட்டியில் இருந்தால், எத்தனை வாயை அது அடைக்கும்! விஷம் வைத்தவரைக் காட்டிக்கொடுக்கிற அதே தாள்தான் வைக்காதவளைக் காப்பாற்றும்.

புளிய மரத்தடி மோகினிக்கு இரும்பில் வைத்துச் சுண்ணாம்பு நீட்டச் சொன்ன பாட்டிகளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. நம்பிக்கை இருக்கலாம், ஆனால் கையில் ஒரு இரும்பும் இருக்கட்டும். இன்றைக்கு அந்த இரும்பு ஒரு காகிதம்தான். அடகுக்கடை ரசீது, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புக்கான காரணச் சான்று... அய்லீனைப் பிடித்தது அது. கூடத்தாயியில் இருந்தும் யாரும் படிக்காமல் போனது அது.

அடுத்த முறை போனில் 'பாரில் மயக்கிக் கொல்லும் அழகி' என்று ஒரு செய்தி வந்தால், அதை ஃபார்வர்டு செய்வதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். நம் தெருவில் கடைசியாக நடந்த சாவுக்கு என்ன காரணம் என்று யாருக்காவது தெரியுமா?